விலக்கு பெற்றவள்

பிப்ரவரி 6
அடையாள அட்டை புதுப்பித்து வந்தது. தூதரகத்து முதல் செயலாளரின் மனைவி என்பதால் இந்த நாட்டுச் சட்டம் என்னைத் தொடாது. கைது இல்லை, வழக்கு இல்லை; 'விலக்கு' என்று அதற்குப் பெயர். 'தொழில்' என்ற இடத்தில் 'துணைவி' என்று அடித்திருக்கிறார்கள். ஊரில் மாய்ந்து மாய்ந்து பல் பிடுங்கியவள் நான்.

பிப்ரவரி 9
தெருக்கோடிப் பல் மருத்துவமனையில் ஆள் தேவையாம். போனேன். இங்கத்திய தேர்வைத்தான் போன மாதமே எழுதித் தேறிவிட்டேனே. நடத்துகிற டாக்டரம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. அட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"உங்க மேல யாரும் கேஸ் போட முடியாதாமே. அப்புறம் நோயாளிக்கு என்ன பாதுகாப்பு? வேலை விஷயத்துக்கு மட்டும் விலக்கை விட்டுக்கொடுக்கறதா உங்க தூதர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

நியாயம்தான்.

பிப்ரவரி 10
இவரிடம் சொன்னேன்.

"விலக்கை விடறதா? ஊரே அதுக்குத் தவம் கிடக்குது."

"எனக்கு வேண்டாம். நான் யாரையும் வெட்டப் போறதில்ல."

"தூதர் ஒத்துக்க மாட்டார்."

"கேட்டீங்களா?"

"கேட்கணும்னு இல்ல."

பேச்சுவார்த்தைக்குச் சம்பளம் வாங்குகிறவர் இவர்.

பிப்ரவரி 15
தூதருக்காக இவர் உரை எழுதுகிறார்: 'தூதர்கள்: அன்றும் இன்றும்'. எட்டிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் தூதன் போய்ச் சேரவே மாதக்கணக்காகும். ராஜா மனதில் இருப்பதை அவனே யூகித்துப் பேச வேண்டும். கேட்டவனுக்குக் கோபம் வந்தால் தலை போகும். அதனால்தான் தூதனைத் தொடக் கூடாது என்று வைத்தார்கள். பிற்பாடு அது வளர்ந்து, சில நகரங்களில் தூதர் வீட்டைச் சுற்றியிருக்கும் தெருக்களுக்குள்கூடக் காவலர்கள் நுழைய முடியாமல் இருந்ததாம். திருடர்களுக்குக் கொண்டாட்டம். அப்புறம் தந்தி வந்தது, தொலைபேசி வந்தது. இப்போது மந்திரிகளே கைப்பேசியில் பேசிவிடுகிறார்கள். நம் தூதர் டிவி பார்த்துத் தெரிந்துகொள்கிறார். வேலை தேய்ந்துவிட்டது, கொடி வைத்த கார் மட்டும் தேயவில்லை.

இதையும் உரையில் சேர்க்கச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 19
பெரிய மேடம், அதாவது தூதரின் மனைவி, கூப்பிட்டு அனுப்பினார். "எங்க காலத்துல பொண்டாட்டி எப்படி விருந்து வெச்சான்னுகூடப் புருஷன் ஃபைல்ல எழுதுவாங்க. இப்ப அதெல்லாம் போச்சு. அதுக்காகக் கண்டவங்க வாய்க்குள்ள கை விடணுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு காபி குடித்தேன்.

பிப்ரவரி 20
அழுதேன். விலக்கு, விலக்குங்கறாங்களே — என்னைத்தான் விலக்கி வெச்சிருக்காங்க. கேஸும் கிடையாது, வேலையும் கிடையாது. நான் என்ன, அலமாரி பொம்மையா? ஒன்றாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் டாக்டரம்மா வேறு ஆளை எடுத்துக்கொள்வாராம்.

பிப்ரவரி 23
தூதரையே நேரில் கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அந்த வார்த்தையே கிடையாது. "உங்க ஆர்வத்தை ரொம்ப மதிக்கிறேம்மா. சாதகமா பரிசீலிக்கிறோம்" என்றார். வெளியே வந்ததும் இவர் மொழிபெயர்த்தார்: "முடியாதுன்னு அர்த்தம்."

என் காதில் அப்படி விழவில்லையே.

பிப்ரவரி 27
விருந்து. உரை முடிந்து கைதட்டல். இந்த நாட்டு வெளியுறவுச் செயலாளரோடு தூதர் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் போய் நின்றேன்.

"சார், நான் வேலைக்குப் போக என் விலக்கை விட்டுக்கொடுக்கறதைச் சாதகமா பரிசீலிக்கிறதா சொன்னீங்க. ரொம்ப நன்றி. கிளினிக்ல ஒன்னாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க."

செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு நல்ல விஷயம். நாளைக்கே கடிதம் அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்று தூதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூதர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். கீழ்வரிசையில் ஒன்று சொத்தை.

வீடு திரும்பியதும் வாசலிலேயே இவர், "எந்தப் பாலைவனத்துக்கு என்னைத் தூக்கி அடிக்கப் போறாரோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அங்கயும் மனுஷனுக்குப் பல்லு இருக்கும்" என்றும் அவரே சொன்னார்.

பிப்ரவரி 28
கையெழுத்தாகிவிட்டது.

ஏப்ரல் 11
இன்று ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப்பல். வேர் பாதியில் முறிந்து, மீதியை எடுப்பதற்குள் எனக்கே வியர்த்துவிட்டது. வாயில் பஞ்சோடு எழுந்து கத்தினார். "உங்க மேல கேஸ் போடறேனா இல்லையா பாருங்க." வரவேற்பில் இருந்த பெண் பதறிப்போய் ஓடிவந்தாள்.

அவரை உட்காரவைத்து, மருந்துச் சீட்டின் அடியில் என் முழுப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"தாராளமா போடுங்க ஐயா. அடுத்த வாரம் வந்து தையலைப் பிரிச்சுக்கிட்டுப் போங்க."