உலகம் முடியுமா என்று கேட்கப் போன சாயங்காலம்

சம்பந்தீங்க,

உங்க தம்பி ஊர்லருந்து வந்துட்டுப் போறாரு. ஓலைப்பெட்டி நிறைய கருப்பட்டி மிட்டாய். மூடியைத் திறந்ததும் சுக்கு வாசம் வீடு பூரா பரவிடுச்சு. அடுப்படியில நின்ன உங்க மக திரும்பிப் பார்த்தா. ஒரு துண்டை வாயில போட்டுக்கிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். மூணாவது வரைக்கும் படிச்சவ கையெழுத்து. குறை சொல்ல உங்களுக்கு ஏதாவது கிடைக்கும், சொல்லிக்குங்க.

பள்ளிக்கூடத்து ஹால்ல நீங்க மடியிலருந்து எடுத்து என் கையில திணிச்சது இந்த மிட்டாய்தான். அதுக்கு முந்தி நாம முகம் பார்த்துப் பேசி எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. எதனாலன்னு உங்களுக்கும் தெரியும். என் பையன் பனியன் கம்பெனியில கூட வேலை செஞ்ச உங்க பொண்ணைத்தான் கட்டுவேன்னு நின்னான். ஒத்துக்கிட்டேன். சர்ச்சுல கல்யாணம்னாங்க, அதுக்கும் பட்டுச் சேலை கட்டி வந்து நின்னேன். மண்டபத்துல கை கழுவுற இடத்துல உங்க சொந்தக்காரங்ககிட்ட நீங்க சொன்னீங்க: "மாப்பிள்ளை தங்கம். அவுக அம்மைதான் கண்ணாலயே ஆளைப் பொசுக்கிருதாக." பின்னாலயே டம்ளரோட நின்னது நான். அந்த டம்ளர் தண்ணியை இன்னும் நான் முழுங்கல.

அப்புறம் உங்க கண்ணுதான் கெட்டுது. பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல உங்களை மாதிரி ஆள் நம்ம மண்ணரை ஏரியாவுலயே கிடையாதுன்னு பேரு. துணியை ட்யூப் லைட்டுக்கு நேரா ஒரு உதறு உதறினா ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தானா வந்து நிக்கும்பாங்க. அந்த நீங்க, கறை பட்ட பீஸையெல்லாம் நல்லதுன்னு தள்ளிவிட ஆரம்பிச்சீங்க. பிசிர் வெட்டற வேலைக்கு மாத்தினாங்க. அங்க நூலோட சேர்த்துச் சட்டையையும் வெட்டினீங்க. கடைசியில வீட்டோட உட்கார வெச்சுட்டாங்க. ரெண்டு கண்ணுலயும் பொரை முத்திப் போச்சு, ஆபரேசன் பண்ணினா தெளிஞ்சிரும்னு டாக்டர் சொன்னதுக்கு, மககிட்ட நீங்க சொன்ன பதிலை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்.

"ரெண்டாயிரத்திப் பன்னெண்டுல உலகமே முடியப் போவுது. மாயான்னு ஒரு கூட்டம் அந்தக் காலத்துலயே காலண்டர் போட்டு வச்சிருக்கான். டிவியில படத்தோட காட்டுதான்லா. அது மட்டுக்கும் இந்தக் கண்ணு போதும்ட்டீ."

உங்க மக அழுதா. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு நோட்டீசைக் கொண்டாந்து என் முன்னால வெச்சா. பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு காலேஜ் வாத்தியார் மாயா காலண்டரைப் பத்திப் பேசறாராம். "அத்தை, நீங்கதான் அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்."

"நான் கூப்பிட்டா வருவாங்களா?"

"உங்களுக்குன்னா பயப்படுவாங்க அத்தை."

அதையும் நான் மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன். ஆனா வந்தேன். உங்க வாசல்ல நின்னு சொன்னேன்: "கிளம்புங்க சம்பந்தி. உலகம் முடியுதான்னு கேட்டுட்டு வந்துரலாம். ஆமான்னு அவரு சொல்லிட்டா கண்ணு விசயத்தை நான் எடுக்கறதே இல்லை." ஜெயிக்கப் போறோம்னு நினைச்சீங்களோ என்னமோ, உடனே செருப்பைத் துழாவினீங்க.

ஹால்ல நல்ல கூட்டம். கம்பெனி லீவு நாள், பிள்ளைகுட்டியோட வந்திருந்தாங்க. வாத்தியார் தாராபுரத்துப் பக்கத்துக்காரர், பேச்சுலயே தெரிஞ்சுது. வெள்ளை வேட்டியைச் சுவத்துல கட்டி மிசின்ல படம் விட்டாரு. நீங்க கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டினீங்க. அப்புறம் என் முழங்கையைத் தொட்டீங்க.

"மைனி, என்ன படம்?"

பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா கேட்டது நீங்க, பார்க்கறது நான். "கோயில் மாதிரி இருக்கு. நாலு பக்கமும் படி ஏறுது. மேல கலசமெல்லாம் இல்லை, ஒரு ரூம்புதான்."

"இப்ப?"

"கல்லுல கட்டங்கட்டமா மூஞ்சிங்க. எல்லாத்துக்கும் மூக்கு பெருசு."

"யாரு மாதிரி?"

"உங்க ஊட்டுக்காரரு மாதிரி."

நீங்க சிரிச்ச சிரிப்புல முன் வரிசைக்காரர் திரும்பி, "ஏனுங்க, கொஞ்சம் மெதுவா சிரிங்க"ன்னாரு. அப்பத்தான் அந்த மிட்டாய் என் கைக்கு வந்தது.

வாத்தியார் சொன்னாரு: "அவங்க காலத்தைச் சுத்துச் சுத்தா எண்ணினாங்க. பன்னெண்டுல ஒரு பெரிய சுத்து முடியுது, அடுத்தது ஆரம்பிக்குது. அதோட எல்லாம் அழிஞ்சிரும்னு அவங்க சொல்லலீங்க. சொல்றதெல்லாம் நம்ம டிவிக்காரங்கதான்." நீங்க உதட்டைச் சுழிச்சீங்க. நம்பலை.

அப்பப் பார்த்துக் கரண்டு போச்சு. அந்த வருசம் தினமும் போகும், யாரும் பெருசா அலட்டிக்கல. படம் அணைஞ்சு போயி ஹாலே இருட்டாயிருச்சு. குழந்தைங்க கத்தினாங்க. நீங்க என் காதுகிட்டச் சொன்னீங்க: "இப்ப எல்லாருக்கும் என்னைய மாதிரிதான் இருக்கும், என்ன மைனி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மங்கலாத் தெரியுது மங்கலாத் தெரியுதுன்னு நீங்க சொன்னப்பவெல்லாம் புகை மாதிரி ஏதோன்னு நினைச்சிருந்தேன். இவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியாதுங்க.

அந்த இருட்டுலதான் நீங்க உங்கம்மாவைப் பத்திச் சொன்னீங்க. ஊர்ல அவங்களுக்கும் இதே பொரை, இதே ஆபரேசன். கட்டைப் பிரிக்கறப்ப நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. "விடிஞ்சிட்டாட்டீன்னு கேட்டா மைனி. நல்ல உச்சிவெயிலு." இன்னும் கிட்டச் சாஞ்சீங்க. "பயமா இருக்குன்னு பெத்த பிள்ளைட்ட எப்படிச் சொல்ல? அதான் மாயா மேல பாரத்தைப் போட்டுட்டுக் கெடந்தேன்."

உங்க கையைப் பிடிச்சேன். பிடிக்கணும்னு நினைச்சுப் பிடிக்கல, அது பாட்டுக்குப் போயிருச்சு.

கரண்டு வர்ற வரைக்கும் கேள்வி கேளுங்கன்னாரு வாத்தியார். நீங்க பொசுக்குனு எந்திரிச்சீங்க. "சார், அந்த மாயா ஆளுக இப்ப எங்க இருக்காக? எல்லாரும் செத்துட்டாகளா?"

"இருக்காங்கம்மா. நிறையப் பேர் இருக்காங்க. மக்காச்சோளம் வெதைக்கறாங்க, தறி நெய்யறாங்க. நம்ம ஊர் மாதிரியே கார்மெண்ட்ஸ்ல வேலை செய்யறவங்களும் உண்டு. அமெரிக்காவுக்கு டீ-சர்ட் தைச்சு அனுப்பறாங்க."

பின்னாலருந்து ஒருத்தர், "அட, நம்ம ஆர்டரெல்லாம் அங்கதான் போயிருச்சுங்களா!"ன்னாரு. வேலை குறைஞ்சு கிடந்த நேரம், ஹாலே சிரிச்சுது. நீங்க சிரிக்கல.

"அப்ப அங்கயும் செக்கிங் இருக்கும்லா சார்?"

"இல்லாம எப்படீங்கம்மா?"

உட்கார்ந்துட்டீங்க. வீட்டுக்கு வர்ற வழியில வேப்பமரத்து முக்குல நின்னுட்டுக் கேட்டீங்க: "முடியப் போற உலகத்துக்கு எவளாவது உக்காந்து கறை பாப்பாளா மைனி? அவுகளே பாக்காகன்னா..." அப்புறம் என் பக்கம் திரும்பினீங்க. "ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட வருவீகளா?"

"வர்றேன். ஆனா மண்டபத்துல நீங்க சொன்னதை நான் மறக்கலை."

"மறந்துராதீக. அதுவும் இல்லைன்னா நாம எதைப் பேச?"

முதல் கண்ணு ஆபரேசனுக்கு மறுநாள் கட்டைப் பிரிச்சாங்க. என் கை உங்க கைக்குள்ள. கண்ணைத் திறந்தீங்க. மேல பார்த்தீங்க, கீழ பார்த்தீங்க. எனக்கு உங்கம்மா கேட்ட கேள்விதான் நெஞ்சுல அடிச்சுது. நர்சு, "என்னம்மா தெரியுது?"ன்னு கேட்டா.

"மைனி சேலை முந்தியில கறை இருக்கு"ன்னீங்க.

நர்சு சிரிச்சா. நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணியோட. நல்ல சேலைன்னு நினைச்சு, உங்களுக்காகத்தான் அன்னிக்குக் கட்டிட்டு வந்தேன். இது என் ரெண்டாவது கணக்கு உங்க மேல.

அடுத்த கண்ணுக்குப் பொங்கல் கழிச்சுப் போலாம்னு பேசி வெச்சிருந்தோம். அதுக்குள்ள மாரடைப்புன்னு கிளம்பிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பன்னெண்டுக்கு இன்னும் காலம் கிடக்கு, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? இது மூணாவது. இதைத்தான் மன்னிக்கவே முடியல.

பெட்டியில உங்களைக் கிடத்தியிருந்தப்ப, எங்க ஆளுங்க தள்ளி நின்னாங்க. நான் கிட்டப் போயி உட்கார்ந்துக்கிட்டேன். குனிஞ்சு ஒவ்வொண்ணாச் சொன்னேன். உங்க தம்பி வந்துட்டாரு, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்காரு. கம்பெனிப் பொண்ணுங்க மஞ்சச் செவ்வந்தி கொண்டாந்திருக்காங்க. பேத்தி அழுகலை, உங்க காலையே பார்த்துட்டு நிக்கறா. இந்தம்மாவுக்கு என்னாச்சுன்னு யாரோ கேட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்.

அந்தப் பழக்கம் என்னைய விடமாட்டேங்குது. எது கண்ணுல பட்டாலும் யாருக்கோ சொல்ற மாதிரி வாய் முணுமுணுக்குது. இன்னிக்குக் காலையில பஸ்ஸு நொய்யல் ஆத்துப் பாலத்து மேல நின்னுது. எட்டிப் பார்த்தேன். எந்தச் சாயப்பட்டறையிலிருந்து சாயத்தண்ணியைத் திறந்துவிட்டாங்களோ, பக்கத்து சீட்டுக்காரி என்னைய ஒரு மாதிரிப் பார்க்க, சத்தமாவே சொல்லிட்டேன்.

தண்ணி இன்னிக்கு ஊதா, சம்பந்தி. ஓரத்துல மட்டும் கொஞ்சம் சிவப்பு.