பாய்லர் மூடியும் சகலையின் சால்வையும்

மார்ச் 2, ஞாயிறு. புழுக்கம்.
மாமல்லபுரம் கடற்கரை மேடையில் சகலை பாபுவுக்குச் சால்வை போட்டார்கள். எனக்கு இல்லை. நான் செங்கல்பட்டில் சொந்தமாகப் பழைய இரும்புக் கடை வளர்த்தவன். அவன் படூரில் ஓட்டைக் கம்ப்யூட்டர், உடைசல் என்று கண்டதை வாங்கி விற்பவன்.

பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் கச்சேரி. வாஷிங் மெஷின் டிரம், லாரி ரிம், காலி சிலிண்டர். எல்லாவற்றிலும் மைக் ஒட்டி ஒயர். ஒரு தட்டு தட்டி, ஒயர் போய்ச் சேரும் பெட்டியில் குமிழைத் திருகினால் ரயில் போவது போலச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பொருள் பாபு கொடுத்ததாம், அதற்குத்தான் சால்வை. முதலில் என்னிடம்தான் வந்தார்கள். "தட்டிப் பாக்கறதுக்கு இது இன்னா கோயில் மணியா? எட போட்டு வாங்கு" என்று துரத்திவிட்டேன்.

காரில் என் வீட்டுக்காரி சாந்தி: "என் தங்கச்சி வூட்டுக்காரர் மேடையில இன்னா ஜம்முனு நின்னாரு! நீயுந்தான் கீற."

திங்கள்.
பாபு போன். "அண்ணாத்த, இந்தச் சால்வய இன்னா பண்றதுன்னே தெர்ல."
வேண்டுமென்றே சீண்டுகிறான். "டிவிக்குப் போத்து" என்று வைத்துவிட்டேன்.
கச்சேரிக் குழுத் தலைவி மோனிஷாவுக்கு நானே போன். வரச் சொன்னேன்.

புதன். வெயில் கொளுத்தல்.
மோனிஷா வந்தாள். கடை முழுக்கத் தட்டினாள். ரைஸ் மில் பாய்லர் மூடி, விரிசல் விட்டது, அதில் நின்றுவிட்டாள். தட்டினால் கர்ர்ர் என்று இழுக்கிறது. "அங்கிள், இது எங்கயும் கிடைக்காது. வெள்ளிக்கிழமை எடுத்துக்கறோம்."
பாபுவிடம் இல்லாத சரக்கு. மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது.

வியாழன்.
ஓட்டைச் சாமான் கொடுத்தான் என்று பாபு வாயில் விழக்கூடாது. விரிசலை வெல்டிங் வைத்து அடைத்தேன். மேலே சிவப்பு பெயின்ட்.

வெள்ளி.
மோனிஷா தட்டினாள். டொக். திரும்பவும் டொக்.
"என்ன அங்கிள் பண்ணீங்க?"
"ரிப்பேர்ம்மா."
மூடி ஏற்ற வந்த வண்டி பாபுவுடையது. அவனே ஓட்டி வந்திருந்தான். "அண்ணாத்த, உசுரோட இருந்தத சாவடிச்சிட்டியே!" சிரிப்பு நிற்கவில்லை.

அடைத்ததை அறுத்துவிட கிரைண்டரை எடுத்து வெல்டிங் மேலேயே வைத்தேன். பொறி. கிறீச். மூடி முழுதும் அலறல். நிமிர்ந்தால், மோனிஷா மண்டியிட்டு மூடியில் மைக் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.
"நிறுத்தாதீங்க அங்கிள்! இத மேடையில பண்ணுங்க!"
பாபு கிட்ட வந்து எட்டிப் பார்த்தான்.

பேசி முடித்தது: மேடையில் அறுப்பது நான். மூடிக்கு வாடகை இல்லை. கிரைண்டர் தட்டு அவர்கள் செலவு. எனக்கும் சால்வை. போர்த்துவது பாபு.