நீங்கள் மட்டும் பார்த்து முடித்த தொடர்

ஏன்னா, என் பிரியமானவரே,

நீங்கள் போய் ஒரு வருஷமாகி நடந்த உங்கள் வருஷாப்திகத்தன்று கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: காரியம் செய்த நம் பிள்ளை ரகு, மருமகள் மீனா, உங்கள் தம்பி சேது, நான். சாஸ்திரிகள் கிளம்பிப் போய்விட்டார். நாங்களும் சாப்பிட்டு முடித்திருந்தோம். பிறகு நடந்ததை நாங்கள் நாலு பேரும் சேர்ந்து பார்த்தோம். ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஊரார் கண்ணில் படும்படி பத்திரிகையில் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு வேறு எந்த விலாசம் போடுவேன்?

ரகு டிவியைப் போட்டான். ஒரு வருஷமாகத் துணி போர்த்தியே கிடந்தது. நெட்டில் தொடர்கள் பார்க்க வேளச்சேரியில் அவன் கட்டும் சந்தாவில்தானே மயிலாப்பூரில் நாமும் பார்த்துக்கொண்டிருந்தோம்? இனிமேல் வேறு வேறு வீட்டில் இருப்பவர்கள் ஒரே சந்தாவில் பார்க்க முடியாதாம். எனக்குத் தனியாக ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு, பழையதை ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்கு பண்ண வேண்டும் என்றான். யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டுத் திரையில் வரிசையாகப் பொம்மை முகங்கள் வந்தன. ரகு, மீனா, அதற்கடுத்து மூக்குக்கண்ணாடி போட்ட முகம். அதன் அடியில் ‘அப்பா’.

“அப்பாவோடதை எடுத்துடலாமாம்மா?” என்றான். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்.

ஒருதரம் திறந்து காட்டு என்றேன்.

நாம் சேர்ந்து பார்த்த தொடரை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டு மூத்த பெண், பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள், அத்தோடு அந்தப் பகுதி முடிகிறது. உள்ளே போவாளா, திரும்பிப் போவாளா, தெரியாது. மறுநாள் காலையில் உங்களை அடையாறில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருவரை விட்டு ஒருவர் பார்ப்பதில்லை என்பது நமக்குள் இருந்த நியமம் அல்லவா? நான் ஏகாதசிப் பாராயணத்துக்குப் போனால், “உனக்கு உபவாசம் சரி, டிவிக்குமா?” என்று முணுமுணுப்பீர்கள். ஆனாலும் போட மாட்டீர்கள்.

அதனால்தான், திரையைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் அடியில், எவ்வளவு பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியிருந்தது. கடைசிப் பகுதி வரைக்கும்.

ரகு மீனாவைத் திரும்பிப் பார்த்தான். “என்னை ஏன் பாக்கறே? இந்த அழுகாச்சியெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது” என்றாள் அவள். அவன் தன் போனில் எதையோ தேடினான். எந்த நாளில் எந்தப் பகுதி ஓடியது என்பதெல்லாம் அதில் வருகிறது. எல்லாம் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்கள்.

“அப்பா அங்கேர்ந்து போன்ல பாத்திருக்காம்மா.”

போனில் பார்த்தது நம் டிவிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்டுக் கேட்டுத்தானே நான் எதையும் கற்றுக்கொண்டேன். “இது டிவியிலயும் இல்ல, போன்லயும் இல்ல. எங்கயோ பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கு. க்ளவுடுன்னு பேர். எதுல திறந்தாலும் விட்ட எடத்துலேர்ந்து வரும்” என்றான். உங்கள் போனை அணைத்து என்றைக்கோ பீரோவில் வைத்துவிட்டேன். நீங்கள் பார்த்தது மட்டும் அணையாமல் எங்கேயோ இருந்திருக்கிறது. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வைத்துப் படம் பார்த்த காலத்தில், யார் எதைப் பார்த்தார்கள் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?

எல்லாமே மத்தியான வேளைகள். நான் ஆத்துக்கு வந்து குளித்து, உங்களுக்கு ரசஞ்சாதம் கரைத்து, நடை திறந்ததும் கற்பகாம்பாளுக்கு அர்ச்சனை பண்ணிவிட்டுக் குங்குமத்தோடு பஸ் ஏறுவேனே, அந்த நேரம். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், நாம் நிறுத்திய பகுதியை மறுபடி திறந்து, அந்தப் பெண் வாசலில் நிற்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். நான் தப்பித் தவறிப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்றுதானே?

ஒருநாள் வார்டில் விளையாட்டாகக் கேட்டேன், நான் இல்லாதபோது பார்க்கிறேளா என்று. “நீ இல்லாம என்ன ரசிக்கும்? ஆத்துக்கு வந்து சேர்ந்து பாத்துக்கலாம்” என்றீர்கள். அதை நம்பி, நீங்கள் திரும்பி வரப்போகிறீர்கள் என்று அம்பாளிடமே போய்ச் சொன்னேன்.

சேதுவைப் பார்த்தேன். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டேன்.

“அண்ணாவுக்குத் தெரியும், மன்னி. ஆத்துக்குத் திரும்பறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். ஒங்ககிட்ட சொல்லப்படாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டார். அவ கோவிலுக்குப் போயிண்டு வரா, நிம்மதியாப் போகட்டும்டா, அப்டின்னார்.”

எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் தந்த பாக்கிச் சில்லறை வரைக்கும் என்னிடம் ஒப்பித்தவர் நீங்கள். இதை ஏன் சொல்லவில்லை? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், நான் சன்னதியில் வரிசையில் நின்றிருக்கிறேன். சொல்லியிருந்தால் நான் நகர்ந்திருப்பேனா?

சாயங்காலம் பாத்திரம் ஒழித்துப் போடும்போது மீனா பக்கத்தில் வந்து நின்றாள். “நீங்க அப்பாவோட சண்டை போட்டு முடிக்கறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடும்மா. எடுக்கணுமா, வேண்டாமான்னு மட்டும் சொல்லிடுங்கோ” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போனபின் இந்த ஆத்தில் நான் சிரித்தேன் என்றால் அன்றைக்குத்தான்.

எடுக்க வேண்டாம் என்று ரகுவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் முகத்தை அப்படியே என் புதுச் சந்தாவுக்கு மாற்றித் தர முடியுமாம். தரட்டும். விளக்கேற்றிவிட்டுத் தினம் ஒன்றாக, மீதி முழுவதையும் நான் பார்த்து முடிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இன்னொருவர் வாயால் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

மறைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டாம். சேது சொன்னதே போதும், அதை மெதுவாக நான் ஜீரணித்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் கேட்க வேண்டும். அந்த மத்தியானங்களில், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் படுத்திருந்தேளே, அப்போது உங்களுக்குப் பயமாக இருந்ததா?

சொப்பனத்திலோ, வேறு எப்படியோ, சீக்கிரம் பதில் சொல்லுங்கோ.

உங்கள் ஆத்துக்காரி,
ஜெயா