முழங்காலுக்குக் கீழே

பெரியவளுக்கு,

எல்லாரும் நலம், உன் நலம் அறிய ஆசை என்றுதான் தொடங்க வேண்டும். இங்கே யாரும் நலமில்லை. உன் நலத்தை விசாரிக்கிற மனசும் எனக்கு இப்போது இல்லை. போனில் பேசினால் மீட்டிங் என்று நடுவிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிக்கு முழங்காலில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன், சாப்பாடு, மாத்திரை எல்லாம் கட்டிலுக்கே. இனி காலை மடக்க முடியுமா என்று கேட்டால் டாக்டர் மின்விசிறியைப் பார்க்கிறார். ஆஸ்பத்திரிச் சலவையில் தான் துவைத்த விரிப்பிலேயே தன்னைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று அவனே சொல்லிச் சிரிக்கிறான். அப்பா பல் கட்டப் போகவில்லை, இப்போது அது ஒன்றுதான் குறைச்சலா என்கிறார். நீ அனுப்பிய பழக்கூடை வந்தது. பாதி அழுகல், மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அனுப்பாதே.

நேற்று ஆஸ்பத்திரி மேனேஜர் உங்கள் கம்பெனி ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். சலவை மூட்டை ஏற்றிக்கொண்டு தானாக ஓடுகிற வண்டியில் ஒரு குறையும் இல்லையாம், ஊழியர்தான் விதியை மீறி வண்டிப் பாதையில் படுத்திருந்தாராம். தூங்கவா படுத்தான்? ஒரு வண்டிச் சக்கரத்தில் விரிப்பு சிக்கி அது நின்றுவிட்டது, குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த வண்டி, நின்றதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடி, இவன் காலை வெறும் தரை என்று நினைத்து ஏறிவிட்டது, அதுவும் ஈரத் துணி பாரத்தோடு. இப்படி எழுதினது யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார். என் மகள் என்றதும் அவரே ஆடிப்போய்விட்டார். அடிபட்டவன் உன் தம்பி என்றுகூட நீ யாருக்கும் சொல்லவில்லையாமே, எழுதும்போது கை கூசவில்லையா உனக்கு?

போன லீவில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கீழே கிடக்கிற தலையணை உறை, ஈரத்துணி எல்லாவற்றுக்கும் வண்டி பயந்து நின்று வராந்தாவையே அடைத்துவிடுகிறது, ஆஸ்பத்திரிக்காரர்கள் திட்டுகிறார்கள், அதனால் முழங்காலுக்குக் கீழே இருக்கிற எதையும் சட்டை பண்ணாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையடித்தாய். அப்போ யாராவது தரையில படுத்திருந்தா என்னக்கா பண்ணும் என்று இவன்தான் கேட்டான். அத்தனை கட்டில் இருக்கும்போது தரையில எவன்டா படுப்பான் என்று சிரித்தாய். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். இப்போது அப்பா தனக்கு ஞாபகமே இல்லை என்கிறார், அவள் வேலை போயிடும், விட்டுடு என்று என் கையைப் பிடிக்கிறார். தம்பியும் அக்கா பாவம்மா என்கிறான். நல்லவனாக இருந்து இருந்துதான் இந்தக் கட்டிலில் கிடக்கிறான். அது என் ஒருத்தி முடிவு இல்லம்மா என்று போனில் சொன்னாயே, சரி, அதையே விசாரணையில் சொல், வேறு யார் யார் என்றும் சொல். பூசி மெழுகாதே. இந்த ரிப்போர்ட்டே நிலைத்துவிட்டால் தப்பு அவனுடையது என்று சொல்லி வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், இந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் எங்கே போய் நிற்பான்? அந்த வண்டிகள் இன்னும் அதே வராந்தாவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அதையும் யோசி.

வேளைக்குச் சாப்பிடு. பிள்ளையை நல்லபடியாக வளர்த்தாய் என்று நாலு பேர் என்னைச் சொன்ன காலம் உண்டு, அது போகட்டும். வாழ்த்தாமல் கடிதத்தை முடித்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் நன்றாக இரு. திங்கட்கிழமை காலையில் விசாரணை, உன்னையும் போனில் கூப்பிடுவார்கள், மறந்துவிடாதே. நானும் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். பெத்த பொண்ணுக்கு எதிராவா என்று மேனேஜர் திரும்பத் திரும்பக் கேட்டார், ஆமாம் என்றேன். ஒன்று மட்டும் அவரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதலில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள், நீ முடித்த பிறகுதான் நான். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா