ஆட்சேபணை எதுவும் இல்லை

ஜனவரி 7, செவ்வாய்

ஆறு மணிக் கூட்டம் ஆறேகாலுக்குத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்கள் வந்து சேர வேண்டும் என்பதால் எப்போதும் இந்த நேரம்தான். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கான சங்கம். நிர்வாகக் குழுவில் ஏழு பேர், எல்லாரும் தன்னார்வலர்கள். ஏழு பேரில் நோய் உள்ளவர் ஒருவரே: சர்வேயர் மாமா. உறவில்லை. அப்பா இருந்தபோது ஒரே டாக்டரிடம் காத்துக் கிடந்த பழக்கம். அப்பா போன பிறகு என்னைக் குழுவுக்குள் இழுத்துப் போட்டதும் அவர்தான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள் என்பதால் செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது.

இன்று பேசியது ஒரே விஷயம். சனிக்கிழமை உடற்பயிற்சி வகுப்பு நடக்கும் தரைத்தள ஹாலில் சுவர் ஊறி நாற்றம் அடிக்கிறது. தலைவருக்குத் தெரிந்தவர் இரண்டாவது மாடியில் ஒரு ஹால் தருகிறார். நல்ல வெளிச்சம். லிஃப்ட் உண்டு.

தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "யாருக்காவது ஆட்சேபணை?" என்று கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரும்ப மாட்டிக்கொள்வதற்குள் யாரும் பேசவில்லை என்றால் தீர்மானம் நிறைவேறியது. இன்றும் துடைத்தார், மாட்டினார். மாமாவின் உதடு அசைந்த மாதிரி இருந்தது. எச்சில் விழுங்குகிறார் என்று நினைத்தேன். சாயங்கால மாத்திரையின் வேகம் குறைந்துவிட்டால் அவர் முகத்தில் எதுவும் தெரியாது.

கிளம்பும்போது ஒரு மடித்த சீட்டை என் ஃபைலில் செருகினார். கூட்டத்துக்கு ஒரு சீட்டு உண்டு. போன மாதக் குறிப்பில் தேதி தப்பு, இன்னார் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போச்சு என்று. பிழை பார்க்கிறவளுக்கே பிழைப் பட்டியல். எழுத்து கடுகு மாதிரி இருக்கும். நோய் கையெழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகிறது. நாள் முழுக்கப் பொடி எழுத்துப் பார்த்த கண். அப்புறம் பார்க்கலாம்.

ஜனவரி 8

குறிப்பை டைப் செய்து எல்லாருக்கும் அனுப்பினேன். "ஆட்சேபணை எதுவும் இல்லை. ஒருமனதாக நிறைவேறியது."

ஜனவரி 25, சனி

பழைய ஹாலில் கடைசி வகுப்பு. பதினோரு பேர். டைப்பிஸ்ட் ஆன்ட்டி முதல் ஆளாக வந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவர். நடுங்கும் விரல்களை என் முன்னால் நீட்டி, "பாரு, இன்னமும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். பேப்பர்தான் தர மாட்டேங்கிறாங்க" என்றார்.

வாசலில் வழக்கம்போலக் கால் ஒட்டிக்கொண்டது. வெட்டவெளியில் கடகடவென்று நடப்பார். கதவு, குறுகலான இடம் என்று வந்தால் பாதம் தரையை விடாது. வகுப்பு நடத்தும் பிசியோ அக்கா, எங்கள் குழுவில் ஒருத்தி, தன் காலைக் குறுக்கே நீட்டினாள். ஆன்ட்டி அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் மகன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றான். நான் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் எங்களுக்கு எவ்வளவு பழகிவிட்டது.

பிப்ரவரி 1, சனி

புது ஹால். நான் மேலே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். கீழே சத்தம்.

லிஃப்ட் வாசலில் ஆன்ட்டியின் கால் நின்றிருக்கிறது. ஒரு பாதம் உள்ளே, ஒன்று வெளியே. பழைய லிஃப்ட், ஆளை இடித்த பிறகுதான் கதவு பின்வாங்கும். மகன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான். அக்கா என்னோடு மேலே.

இறங்கி ஓடினேன். படிகளில்.

பிப்ரவரி 2

கதவு இடித்து விழுந்ததில் ஆன்ட்டிக்கு இடுப்பெலும்பு முறிவு. நாளை மறுநாள் ஆபரேஷன்.

பிப்ரவரி 5, புதன்

அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். தலைவர் ஜனவரிக் குறிப்பின் நகல் ஒன்று கேட்டிருந்தார், ஆன்ட்டி வீட்டார் கேட்டால் காட்ட. ஃபைலைத் திறந்தேன். சீட்டு அங்கேயே இருந்தது.

மேஜை லென்ஸை வைத்துப் படித்தேன்.

"நேரில் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் வாசல் அகலம் இரண்டேகால் அடி. கதவு திறந்திருப்பது ஏழு நொடி. எனக்கு உள்ளே போகப் பதினெட்டு. மூன்று தடவை பார்த்தாயிற்று. மூன்று தடவையும் என் மனைவி கதவைக் கையால் பிடித்தாள். இது வேண்டாம்."

இருபத்தொன்பது நாள். என் ஃபைலில். என் பையில். இந்த லென்ஸ் என் மேஜையில். புத்தகம் புத்தகமாகப் படித்து என்ன கிழித்தேன்? ஒரு மனுஷன் குச்சி ஊன்றிப் போய் அளந்துட்டு வந்து கைல குடுக்கிறார், நான் அப்புறம் பார்க்கலாம்ங்கிறேன்.

பிப்ரவரி 9

ஆஸ்பத்திரி. ஆன்ட்டியின் மாத்திரை பதினொன்றுக்குத் தர வேண்டியது. நர்ஸ் ஒன்றேகாலுக்குக் கொண்டுவந்தார், ரவுண்டு வரும்போதுதான் தர முடியும் என்றார். அதற்குள் ஆன்ட்டி கட்டையாகிவிட்டார். விழுங்கவும் முடியவில்லை. 'மாத்திரை நேரம் தவறக்கூடாது' என்று நாங்கள் போட்ட துண்டுப் பிரசுரம் வரவேற்பு மேஜையில் கட்டாக இருந்தது. மெய்ப்புப் பார்த்தது நான்.

சீட்டைப் பற்றி மகனிடம் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 19

நுரையீரலில் சளி கட்டி, காலை ஐந்து மணிக்கு. விரல்கள் நின்றிருந்தன.

பிப்ரவரி 20

மகன் என்னிடம் கேட்டான். குரல் உயரவில்லை. "உங்க குழுவுல யாருக்குமே இது தோணலையா?"

பக்கத்தில் தலைவர் நின்றார். "எல்லாரும் சேர்ந்து நல்லதுக்குன்னு எடுத்த முடிவுப்பா" என்றார்.

நான் பேசவில்லை. அதுவும் 'ஆட்சேபணை இல்லை'தான்.

மார்ச் 4, செவ்வாய்

இரங்கல் தீர்மானம் முடிந்ததும் எழுந்து சீட்டைப் படித்தேன். ஜனவரிக் குறிப்பைத் திருத்த வேண்டும் என்றேன்: 'ஒருமனதாக' என்பதை எடுக்க வேண்டும், சீட்டு என்னிடம் இருந்தது, நான் படிக்கவில்லை என்று சேர்க்க வேண்டும்.

தலைவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். குறிப்பு ஏற்கெனவே ஏற்கப்பட்டது, இனி தொட்டால் வழக்கில் போய் நிற்கும், சங்கமே இழுத்து மூடப்படும், மீதிப் பத்துப் பேர் எங்கே போவார்கள் என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "நீங்க அன்னிக்கே வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், அடுத்த தாளைப் புரட்டினார்.

"இருங்க சார். அவர் பேசுறார்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். சுவர்க் கடிகாரம் நகர்வதைப் பார்த்தேன். அத்தை, மாமாவின் மனைவி, கதவோரம் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது நொடி இருக்கும். யாரோ இருமினார்கள். பிறகு, மூச்சும் பேச்சுமாக:

"சொன்னேன்."

அவ்வளவுதான்.

வாக்கெடுப்பு. திருத்தத்துக்கு மூன்று கை: நான், பிசியோ அக்கா, பாதிவரை எழுந்த மாமாவின் கை. எதிராக நான்கு. கடைசிக் குறிப்பாக அதையும் எழுதி, ஃபைலைத் தலைவர் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். சீட்டு என் பையில்.

மார்ச் 8, சனி

ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். மகன் கதவைப் பாதி திறந்து நின்றான். சீட்டையும் லென்ஸையும் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய்ப் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான்.

"இத நீங்க எப்பப் படிச்சீங்க?"

"பிப்ரவரி அஞ்சு."

"அம்மா அப்ப உயிரோட இருந்தாங்க."

"ஆமா."

"எப்பக் குடுத்தாரு?"

"ஜனவரி ஏழு."

விரல் விட்டு எண்ணுகிற மாதிரி இருந்தது. எண்ணவில்லை, கை சும்மா அசைந்தது. லென்ஸை என் கையில் வைத்தான். சீட்டை வைத்துக்கொண்டான். திட்டுவான் என்று தயாராகப் போயிருந்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

மார்ச் 22

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறதாம். தலைவர் போனில், "நல்லா உதவி பண்ணினேம்மா நீ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வகுப்பு நின்றுவிட்டது. பிசியோ அக்கா தன் வீட்டுக் கார் ஷெட்டில் நடத்துகிறாள். நான்கு பேர் வருகிறார்கள். சிமெண்ட் தரையில் ஓரடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் ஒட்டினேன், கோட்டைத் தாண்டினால் கால் நகரும் என்று. சர்வேயர் மாமாவிடம் அளவு கேட்டுத்தான் ஒட்டினேன்.

மாமா நான்கு பேரில் இல்லை. பதினைந்தாம் தேதி குளியலறையில் விழுந்தவர் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை.

ஏப்ரல் 12, சனி

காலை பத்துக்கு மாமா வீடு. ஜன்னலோரக் கட்டில். என்னைக் கண்டதும் தலையணைக்கடியில் தேடி ஒரு சீட்டை எடுத்தார். அங்கேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

எழுத்து இல்லை. பென்சில் ஒரு நூலாக ஓடி, போகப் போக இளைத்து, தாளின் பாதியில் நின்றிருந்தது. திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

படித்துவிட்டேன் என்று தலையாட்டியிருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மாமா" என்றேன்.

அத்தை சமையலறையிலிருந்து வந்தார். "இப்பதாம்மா மாத்திரை குடுத்தேன். அது வேலை செஞ்சாத்தான் ஏதாவது ஒரு வார்த்தை வரும். முக்கால் மணி நேரம் ஆகும். சில நாள் அதுவும் வராது. உனக்கு வேலை இருக்குமே."

இல்லை என்றேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, நாற்காலியை அவர் வாய்க்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.