ஊசிக்கு முந்தைய மூன்று நாள்

என்மேல் அத்தனை ஆசை வைத்து, என்னிடமே ஒரு பொய்யும் சொல்லிவிட்டுப் போன என் மாமாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. தெருமுனை கிளினிக்கை மறுபடி திறந்துவிட்டார்கள். ஊசி போட வேறொரு பெண் வந்திருக்கிறாள். உனக்குப் போட்ட மெர்சிக்கு வேலை போய்விட்டது. போக வைத்தது நான்தான். ஒரு வாரமாக எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், அங்கே நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறேன்.

அன்று காலை, நெஞ்சு கரிக்கிறது என்று நீ நடந்துதான் கிளினிக்குக்குப் போனாய். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியை மெர்சி போட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாய், விழுந்தாய். "நடந்து போன மனுசன ஊசி போட்டு சாவடிச்சிட்டாளே" என்று முதலில் கத்தியது யார் தெரியுமா? நான். அப்புறம் காலடிப்பேட்டையே அதைத்தான் பேசியது. எங்கண்ணன் கிளினிக் பெஞ்சை எட்டி உதைத்தான். அந்தப் பெண் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தாள். நாங்கள் ஒரு வார்த்தை பேச விடவில்லை.

போன வாரம் உன் சாமான்களை எடுத்து வர, நீ லாரி ரிப்பேர் பார்த்த ஷெட்டுக்குப் போனேன். பக்கத்து டயர் கடை காசிம் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்.

"மூணு நாளாவே நெஞ்சப் புடிச்சிகினு குந்திகினு இருந்தாம்மா. வூட்ல சொல்லாத பாய், பயந்துக்கும்னான். நானும் சொல்லல."

ஊசிக்கு முன்னால் மூன்று நாள். என்னிடம் என்ன சொன்னாய்? சக்கரம் தூக்கியதில் சதை பிடித்துக்கொண்டது என்றாய். பாவி மனுஷா, இது நியாயமா?

ட்ரெய்லர் டிரைவர்கள் பிரேக் பிடிக்கவில்லை என்று உன்னிடம் வருவார்கள். எண்ணூரில் ஒருத்தன் கை வைத்தான், அவன்தான் கெடுத்துவிட்டான் என்று சத்தியம் பண்ணுவார்கள். நீ ஸ்பேனரைத் தொடமாட்டாய். "கடைசியா தொட்டவன வுடு. அதுக்கு முந்தி வண்டி எப்டி இருந்துச்சு, அத்தச் சொல்லு" என்பாய். வீட்டிலும் இதே ரோதனைதான். மிக்சி புகைந்தபோது, இரவல் வாங்கிப்போன பக்கத்து வீட்டு விஜயா மேல் நான் பாய்ந்தேன். அது பொங்கலிலிருந்தே உறுமிக்கொண்டிருந்ததை அவள் எதிரிலேயே நீ போட்டு உடைத்தாய். உன்னோடு ரெண்டு நாள் நான் பேசவில்லை. வண்டியைக் கேட்டாய், மிக்சியைக் கேட்டாய், உன் நெஞ்சை மட்டும் ஏன் கேட்கவில்லை?

சரி, உன்னை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? முதல் நாளே உன் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. புழுக்கம் என்று ஃபேனைக் கூட்டி வைத்தேன். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். அதையெல்லாம் யோசித்தால் கேள்வி என் பக்கம் வந்து நிற்கும். மெர்சி பக்கம் தள்ளிவிட்டால் நான் அழுதால் மட்டும் போதும். அதனால்தான் கத்தினேன் மாமா.

ஊசியால் ஒன்றுமே ஆகவில்லை என்று இப்போது நான் சொல்ல முடியுமா? அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு தடவை கத்தினதே போதும். வலி முன்னாலேயே வந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "செத்தவன் திரும்பி வரப்போறானா? புருசன கவனிக்காம வுட்டவன்னு உன்னத்தான் பேசுவாங்க. கம்முனு கெட" என்றான். அவன் சொல்வதும் நடக்கும். இந்தத் தெருவை எனக்குத் தெரியாதா?

ஆனால் முந்தாநாள் மெர்சியைப் பார்த்தேன். இப்போது இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறாளாம். ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தவள், என்னைக் கண்டதும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வந்த ஆட்டோவையும் விட்டுவிட்டு நடந்தாள். என்னைப் பார்த்து ஒரு பெண் பயப்படுகிறாள். எனக்கு அசிங்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு, நெட்டுக்குப்பம் போகிறேன். கதவைச் சாத்தினாலும் வாசலிலேயே நிற்பேன். அப்புறம் லாரித் தண்ணீர் வரும்போது, தெருவே குடத்தோடு நிற்கும்போது, காசிம் பாய் சொன்னதை எல்லார் முன்னாலும் சொல்வேன். பேசுகிறவர்கள் பேசட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நீ என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைசியாக நீ பேசியது அவளிடம்தான். எங்கே வலி, எப்போதிருந்து என்று அவள் கேட்டிருப்பாள். நீ என்ன சொன்னாய்? பயந்தாயா? என் பெயரைச் சொன்னாயா? அன்று அவள் அழுதுகொண்டே சொல்ல வந்தது அதுவாகக்கூட இருக்கலாம். நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவள் முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இன்னும் கோபம் தீராத,
உன் பெண்டாட்டி
தேசம்மா