பிகெமோத் புல்தான் தின்கிறது, அக்கா

என் செல்ல அக்கா,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புற்று இல்லை. நேற்றுதான் சொன்னார்கள். உன்னிடம் சொல்லாமல் சோறு இறங்கவில்லை.

என் வயிற்றிலும் ஒரு கட்டி, அக்கா. ஸ்கேன் எடுத்த பெண், "எம்மாடி, எவ்வளவு பெருசா இருக்கு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். உன் வயிறுதான் உடனே நினைவுக்கு வந்தது. கூடவே உன் வார்த்தையும். மார்க்கெட்டில் பூசணிக்காயைப் பார்த்தாலும், பாபநாசத்தில் அணையைப் பார்த்தாலும், "ஏட்டி, பிகெமோத்!" என்பாயே. பூதாகாரமாக எதைக் கண்டாலும் இங்கிலீஷ்காரன் அப்படித்தான் சொல்லுவான் என்று சிரிப்பாய். என் கட்டிக்கும் அந்தப் பெயரையே வைத்தேன்.

ரிப்போர்ட்டை உன்னைப் போலவே பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிறு ஆராதனையில் நோயாளிகள் பெயரை வாசித்து ஜெபிப்பார்களே, அதற்கு நீ கடைசிவரை பெயர் கொடுக்கவில்லை. "பேரை வாசிச்சா ஊரே ஆரஞ்சுப் பழத்தோட வந்து நிக்கும்ட்டி" என்றாய். மறைத்து மறைத்து, டாக்டர் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, தெரியுமா?

அந்தக் கோபத்தில்தான் நான் பெயர் கொடுத்தேன். நீ சொன்னபடியே வீடு நிறைய ஆரஞ்சு! எதிர்வீட்டு மெர்சி மட்டும் பழம் கொண்டு வரவில்லை. "ஜெபம் நாங்க பண்ணுதோம், நீங்க கெளம்புங்க. ஆட்டோ வாசல்ல நிக்கி" என்றாள். அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை என்ன செய்வது? உன் பிகெமோத்தைத் தேடிப் படித்தேன். வேதத்தில் வருகிற மிருகம்தானே. எபிரேயத்தில் ஆடு மாட்டுக்குச் சொல்லும் சாதாரணச் சொல்லிலிருந்து வந்ததாம். அதன் பெருமையைக் காட்ட, ஒன்றையே பன்மையில், பல மிருகங்கள் போலச் சொல்லிவிட்டார்கள் என்கிறார்கள். வேதத்தைத் திறந்தால் அது மாடு மாதிரிப் புல் தின்கிறது. நாணலுக்குள் படுத்துக் கிடக்கிறது. ஆறு பெருகினாலும் அலட்டிக்கொள்வதில்லை. எனக்குத் தாமிரபரணியில் கழுத்துவரை கிடக்கும் எருமைதான் கண்ணில் வந்தது. இதற்கா இத்தனை பயம்? அக்கா, இது உனக்குத் தெரியுமா?

நேற்று டாக்டரம்மா, "பயப்படாதீங்கம்மா. பெரிய கட்டிதான், ஆனா ஒண்ணும் செய்யாது. மெதுவா எடுத்துரலாம்" என்றார். "அப்போ புல்லுதான் திங்குதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் மெர்சியைப் பார்த்தார். மெர்சி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன், அழுதேன், மறுபடியும் சிரித்தேன். நீயும் சீக்கிரம் வந்திருந்தால் என்று நினைத்தபோதுதான் அழுகை நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பிழைத்ததற்கு நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்கப் போகிறேன். என் பெயரோடு, உன் நினைவாக என்று உன் பெயரையும் வாசிக்கச் சொல்லுவேன். நீ வாசிக்கவிடாத பெயர் கோயில் முழுக்கக் கேட்கட்டும். கோபப்படாதே. ஆரஞ்சு வந்தால் நான் தின்றுகொள்கிறேன்.

பிழைத்துக் கிடக்கும் உன் தங்கச்சி,
கிரேஸ்